கையெழுத்து இதழில் கைப்பேசி விளையாட்டுகளுக்கு மதிப்பெண் தருவது எப்படி?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை வாசகன்

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சியிலிருந்து வரும்போது கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் தொடங்கும் தமிழ் பேசும் ஊர்களில் ஒன்றில், எங்கள் வாயனசாலையின் (படிப்பகத்தின்) சார்பாக நாங்கள் சிலர் மாதந்தோறும் ஒரு கையெழுத்து இதழ் நடத்தி வருகிறோம். இதுவரை அதில் நூல் மதிப்புரையும் திரைப்பட விமர்சனமும் மட்டுமே வந்தன. இளைய உறுப்பினர்கள் வற்புறுத்தியதால், சென்ற இதழிலிருந்து கைப்பேசி விளையாட்டுகளையும் விமர்சிக்கத் தொடங்கினோம். விமர்சகர்கள் மூவர்: பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன், பொள்ளாச்சிக்குப் பேருந்தில் போய்வரும் ஒரு கல்லூரி மாணவி, சதுரங்கத்தையும் எண் புதிர்களையும் தவிர வேறொன்றும் ஆடியறியாத ஐம்பது வயதுக்காரனான நான்.

முதல் விமர்சனத்திலேயே சிக்கல் வந்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் ஒரு கார் பந்தய விளையாட்டை எடுத்துக்கொண்டோம். பிளே ஸ்டோரில் அதற்கு 4.6 நட்சத்திரம் இருந்தது. பையன் பத்துக்கு 9 கொடுத்தான், மாணவி 4 கொடுத்தாள், நான் 6 கொடுத்தேன். சராசரி 6.3 என்று எழுதி ஒட்டினோம். வாயனசாலைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இந்த 6.3 உங்கள் மூவரில் யாருடைய கருத்து?" என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை, ஏனென்றால் அது எங்களில் ஒருவருடைய கருத்தும் அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நட்சத்திரங்களை நம்பி நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு புதிர் விளையாட்டு, பேருந்து எல்லையைக் கடக்கும்போது சிக்னல் அறுந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. இணையம் இல்லாமல் அது ஓடாது என்று, நான் படித்துப் பார்த்த இருபது முப்பது கருத்துகளில் ஒருவர்கூட எழுதியிருக்கவில்லை.

ஆகவே என் கேள்விகள் இரண்டு. கடையில் தெரியும் நட்சத்திரம் உண்மையில் எதை அளக்கிறது? தொழில்முறை விமர்சகர்கள் தரும் மதிப்பெண்ணை அதைவிட நம்பலாமா? இவை தெரிந்தால், எங்கள் இதழுக்கு ஒரு முறையை நாங்களே வகுத்துக்கொள்வோம்.

பதில்: களியக்காவிளையான்

ஐயா, நான் திருவனந்தபுரத்தில் கைப்பேசிச் செயலிகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். முதல் கேள்விக்கு என் தொழில் அனுபவத்திலிருந்து பதில் சொல்ல முடியும்.

கடை நட்சத்திரம் விளையாட்டின் தரத்தைவிட, கேட்கப்பட்ட நொடியில் ஆடுபவர் இருந்த மனநிலையையே அதிகம் அளக்கிறது. "எங்களை மதிப்பிடுங்கள்" என்ற பெட்டி எப்போது வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். நீங்கள் ஒரு பந்தயத்தில் வென்றதும், பரிசுப் பெட்டி திறந்ததும் வரும். தோற்ற உடனே வருவது அரிது. ஐபோனில் 2017 முதல் இதற்கென்றே ஆப்பிளின் பொதுவான பெட்டி ஒன்று உண்டு. அது 365 நாள்களில் மூன்று முறைக்கு மேல் தோன்றாது என்பது விதி. ஆனால் அந்த மூன்று தருணங்கள் எவை என்று தேர்ந்தெடுப்பது விளையாட்டை உருவாக்கியவர்கள்தான். பத்தாவது நிமிடத்தில் எரிச்சலடைந்து செயலியை அழித்தவர் அந்தப் பெட்டியைப் பார்ப்பதே இல்லை. தேர்வில் தேறியவர்களிடம் மட்டும் வினாத்தாள் எப்படி இருந்தது என்று கேட்பதைப் போன்றது இது.

இதைவிட வெளிப்படையான தந்திரங்களும் நடந்திருக்கின்றன. 2014இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட டஞ்சன் கீப்பர் என்ற கைப்பேசி விளையாட்டின் ஆண்ட்ராய்டு வடிவம், ஆடுபவரிடம் இரண்டு பொத்தான்களைக் காட்டியது. ஒன்று "ஐந்து நட்சத்திரம்", மற்றொன்று "ஒன்று முதல் நான்கு". ஐந்தைத் தொட்டவர் கடைக்கு அனுப்பப்பட்டார். மற்றதைத் தொட்டவர் நிறுவனத்துக்குக் கருத்து எழுதும் பக்கத்துக்கு அனுப்பப்பட்டார். அதே ஆண்டு, அந்த விளையாட்டை இலவசம் என்று சொன்ன விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் தீர்ப்பளித்தது.

நட்சத்திரம் எதிர்த்திசையிலும் பொய் சொல்லும். மானுமெண்ட் வேலி என்ற அழகான புதிர் விளையாட்டு 2014இல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் புதிய அத்தியாயங்களைச் சேர்த்து, அவற்றுக்கு 1.99 டாலர் கேட்டார்கள். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியதற்கு மறுபடியும் காசா என்று பலர் ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டுப் போனார்கள். முதலில் வாங்கிய விளையாட்டில் ஒரு கல்கூட இடம் மாறவில்லை. 2021 செப்டம்பரில் கென்ஷின் இம்பாக்ட் என்ற விளையாட்டின் ஆண்டு நிறைவுப் பரிசு போதவில்லை என்று அதன் ரசிகர்களே திரண்டு வந்து அதன் நட்சத்திரத்தைச் சரித்தார்கள். இரண்டு நேரங்களிலும் அந்த எண் சொன்னது கோபத்தின் அளவைத்தான்.

எண்ணைக் கணக்கிடும் முறையும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2019 ஆகஸ்ட் வரை பிளே ஸ்டோர் காட்டியது ஆயுட்காலச் சராசரி. அதன் பிறகு அண்மைக் கருத்துகளுக்குக் கூடுதல் எடை தரத் தொடங்கினார்கள். 2021 நவம்பர் முதல் கைப்பேசியில் தெரிவது அந்தந்த நாட்டின் எண். ஆகவே பொள்ளாச்சியிலும் கொழிஞ்சாம்பாறையிலும் ஒரே எண்தான் தெரியும். துபாய்க் கணக்கு வைத்திருக்கும் உங்கள் உறவினருக்கு வேறு எண் தெரியலாம். ஆப் ஸ்டோரில் புதிய பதிப்பு வெளியிடும்போது பழைய மதிப்பீடுகளை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும் உரிமையும் உருவாக்கியவருக்கு உண்டு.

அதனால் நான் 4.6 என்ற எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை மட்டும் படிக்கிறேன். ஐந்து கொடுத்தவர் பெரும்பாலும் "சூப்பர்" என்று எழுதுவார், ஒன்று கொடுத்தவர் திட்டுவார். மூன்று கொடுத்தவர்தான் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று இரண்டையும் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்.

பதில்: செங்கோட்டை ரயிலடி

இரண்டாம் கேள்விக்கு நான் வருகிறேன். கையடக்க விளையாட்டுக் கருவிகளைப் பல ஆண்டுகளாகச் சேகரித்து வருபவன் என்பதால், விமர்சகர்களைப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு.

உங்கள் 6.3 சிக்கலுக்கு ஜப்பானில் வழி கண்டுவிட்டார்கள். 1986இல் தொடங்கிய ஃபாமிட்சு என்ற இதழில் ஒவ்வொரு விளையாட்டையும் நான்கு பேர் ஆடி, ஆளுக்குப் பத்துக்கு இத்தனை என்று தனித்தனியே மதிப்பெண் தருவார்கள். கூட்டுத்தொகை நாற்பதுக்கு இத்தனை என்று தெரிந்தாலும், நான்கு எண்களும் தனித்தனியே அச்சாகும். நாய்க்குட்டி வளர்க்கும் நின்டெண்டாக்ஸ் என்ற விளையாட்டு 2005இல் அங்கே நாற்பதுக்கு நாற்பது பெற்றது. 9, 9, 9, 5 என்று ஒரு விளையாட்டு வாங்கியிருந்தால், அந்த 5 கொடுத்தவருக்கு என்ன ஆயிற்று என்று தேடிப் படிப்பதிலேயே பாதி சுவாரசியம் இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியதும் அதுவே. 9, 4, 6 என்று மூன்றையும் மூவர் பெயரோடு எழுதுங்கள், சராசரியை எழுதாதீர்கள்.

இனி நம்பிக்கையைப் பற்றி. 2001இல் தொடங்கிய மெட்டாக்ரிட்டிக், பல விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டி நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் தருகிறது. எந்த விமர்சகருக்கு எவ்வளவு எடை என்பதை அவர்கள் வெளியிடுவதில்லை. குறைந்தது நான்கு விமர்சனங்களாவது சேர்ந்தால்தான் எண்ணே தோன்றும். கைப்பேசி விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த நான்கே சேர்வதில்லை. கைப்பேசி விளையாட்டுக்கென்றே 2008 முதல் எழுதிவந்த டச்ஆர்கேட் என்ற தளமும் 2024 செப்டம்பரில் தன் பணியை நிறுத்திக்கொண்டது. என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு நண்பரின் கடை மூடியதைப் போல இருந்தது. படிக்கும் வழக்கம் ஓய்ந்ததால் விமர்சனம் ஓய்ந்ததா, விமர்சனம் ஓய்ந்ததால் கடை நட்சத்திரமே கதி என்று ஆனதா என்பதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

விமர்சகரின் மதிப்பெண்ணும் விற்பனையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 2009இல் நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்கு வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சைனாடவுன் வார்ஸ், மெட்டாக்ரிட்டிக்கில் 93 பெற்றது. அமெரிக்காவில் முதல் மாதம் அது ஒரு லட்சம் பிரதிகூட விற்கவில்லை. மாறாக 2022 நவம்பரில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கு வந்த போக்கிமான் ஸ்கார்லெட், வயலெட் இரண்டையும் படம் தடுமாறுகிறது, உருவங்கள் மறைந்து மறைந்து தோன்றுகின்றன என்று விமர்சகர்கள் கடிந்தார்கள். மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றன. இதனால் விமர்சகர்கள் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தடுமாற்றத்தை என் கருவியிலும் கண்டேன், கண்டும் எண்பது மணி நேரம் ஆடினேன். குறை இருப்பதும் உண்மை, அதையும் மீறி ஆட வைக்கும் ஏதோ ஒன்று இருப்பதும் உண்மை. இந்த இரண்டையும் சொல்ல ஓர் எண் போதாது, ஒரு பத்தி வேண்டும்.

இருந்தாலும் எண்ணையே கைவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். யூரோகேமர் என்ற விளையாட்டு விமர்சனத் தளம் 2015இல் மதிப்பெண்களை நீக்கிவிட்டு, "பரிந்துரைக்கிறோம்", "தவிர்க்கவும்" என்பது போன்ற முத்திரைகளுக்கு மாறியது. எட்டு ஆண்டு கழித்து 2023இல் ஐந்து நட்சத்திர முறைக்கே திரும்பியது. வாசகர் முதலில் எண்ணைத்தான் பார்ப்பார். அதைப் பார்க்க வந்தவரைப் பத்திக்குள் இழுத்துவிட்டால் எண் தன் வேலையைச் செய்துவிட்டது.

பதில்: மறையூர் டீச்சர்

என் கருத்து மாறுபடுகிறது. வாயனசாலைக்கு வருபவர்களில் பாதிப்பேர் பெற்றோர் என்றால், அவர்களுக்கு 9, 4, 6 எதுவும் பயன்படாது. என் வகுப்புக் குழந்தைகளின் பெற்றோர் பலர், செயலியின் பக்கத்தில் இருக்கும் 3+, 12+ என்பதையே தர மதிப்பீடு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது வயது வரம்பு. விளையாட்டு நன்றாக இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதல் இதழிலேயே இதை இரண்டு வரியில் விளக்கிவிடுங்கள்.

அந்த வயது எண்ணும் கல்லில் செதுக்கியதல்ல. பலாட்ரோ என்ற சீட்டு விளையாட்டில் பந்தயப் பணம் கட்டுவதே இல்லை. ஆனாலும் போக்கர் சீட்டுச் சேர்க்கைகளைப் பயன்படுத்துகிறது என்பதால் ஐரோப்பாவின் பெகி அமைப்பு அதற்கு 18 என்று போட்டது. மேல்முறையீட்டுக்குப் பின் 2025 பிப்ரவரியில் அதை 12 ஆகக் குறைத்தார்கள். காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளுடன் ஓடும் விளையாட்டுகள் அதைவிடக் குறைந்த வயது எண்ணோடு கடையில் இருந்தன என்று அதை உருவாக்கியவரே குறைப்பட்டுக்கொண்டார், அதில் நியாயம் இருந்தது.

எண்ணுக்குப் பதிலாக மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை விளம்பரம் வருகிறது? எந்தக் கட்டத்தில் காசு கேட்கிறது? நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து போக முடியுமா? மூன்றாவதைத்தான் எந்த விமர்சகரும் எழுதுவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் "இந்த ஒரு மேட்ச் முடியட்டும் அம்மா" என்ற பதில் எந்த விளையாட்டிலிருந்து வருகிறது என்பது எல்லா வீட்டிலும் தெரியும்.

பதில்: கொழிஞ்சாம்பாறை வாசகன்

மூவருக்கும் நன்றி. டீச்சர் கேட்ட மூன்றாம் கேள்வியை எங்கள் மாணவியிடம் சொன்னபோது, அவள் கொடுத்த 4க்குக் காரணமே அதுதான் என்றாள். பேருந்தில் நடத்துநர் சீட்டு கேட்கும்போது பந்தயத்தை நிறுத்த முடியாமல் தோற்றிருக்கிறாள்.

ஆனால் பையன் ஒரு தடை சொல்கிறான். அவனுடைய கைப்பேசி புதியது; என்னுடையது நான்கு ஆண்டுப் பழையது, கால் மணி நேரத்தில் தோசைக்கல் போலச் சூடாகிவிடும். "உங்கள் 6 விளையாட்டுக்கா, உங்கள் போனுக்கா?" என்று கேட்கிறான். இதற்கு என்ன செய்வது?

பதில்: களியக்காவிளையான்

பையன் என் தொழிலுக்கு வரலாம். சூடு ஏறியதும் கைப்பேசி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிடம் வழுக்கிக்கொண்டு ஓடிய பந்தயம் இருபதாம் நிமிடத்தில் திணறுவது அதனால்தான். புதிய, விலை உயர்ந்த கருவியில் ஆடும் விமர்சகருக்கு அந்த இருபதாம் நிமிடம் வராமலே போகலாம். நம் ஊரில் அதிகம் புழங்குவது உங்கள் கைப்பேசியைப் போன்றதுதான் என்பதால், உங்கள் 6க்கு மதிப்பு கூடுதலே தவிரக் குறைவில்லை. எந்தக் கருவியில், எந்தத் தேதியில், எந்தப் பதிப்பை, மொத்தம் எவ்வளவு நேரம் ஆடினீர்கள் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

நேரத்தைக் குறிப்பிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இலவச விளையாட்டுகள் முதல் சில நாள்கள் விருந்தாளியைப் போல உபசரிக்கும். நாம் பழகிய பிறகுதான் காசு கேட்கும். 2022 ஜூனில் வெளியான டயாப்லோ இம்மார்ட்டல் என்ற இலவச விளையாட்டு கடையில் நல்ல நட்சத்திரங்களோடு இருந்த அதே வாரங்களில், மெட்டாக்ரிட்டிக்கில் அதன் பயனர் மதிப்பெண் பத்துக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. இரண்டு இடங்களிலும் எழுதியவர்கள் ஆடியது ஒரே விளையாட்டை. கடைசிக் கட்டத்தில் வலிமை பெற எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டவர்கள் ஓரிடத்தில் கூடினார்கள், தொடக்கக் கட்டங்களை ரசித்துக்கொண்டிருந்தவர்கள் மற்றோரிடத்தில் விரலால் தட்டிவிட்டுப் போனார்கள். ஆகவே ஒரு மணி நேரம் ஆடிவிட்டு எழுதும் விமர்சனத்தை "முதல் பார்வை" என்றே தலைப்பிடுங்கள்.

பதில்: செங்கோட்டை ரயிலடி

இணையச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே உள்ள சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் எந்த விளையாட்டு நிற்கிறது, எது ஓடுகிறது என்று எங்கள் ஊர்ப் பையன்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 2016 டிசம்பரில் வந்த சூப்பர் மாரியோ ரன் அப்படி நின்ற பெரிய பெயர்களில் ஒன்று. முதல் சில கட்டங்கள் இலவசம், மீதிக்கு 9.99 டாலர், அதைக் கொடுத்த பிறகும் இணையம் இல்லாமல் ஆட முடியாது. விமர்சகர்கள் ஓரளவு பாராட்டினார்கள். கடையில் விலைக்காகவும் இணையத்துக்காகவும் நட்சத்திரங்கள் சரிந்தன. அந்த முறை கடை நட்சத்திரத்தின் பக்கமே நான் நின்றேன். சுரங்கம் தேட வேண்டியதில்லை. விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு விளையாட்டைத் திறந்து பாருங்கள், பத்து விநாடியில் தெரிந்துவிடும்.

டீச்சருக்கு ஒரு சிறு குறிப்பு. விளையாடும் நேரத்தை எழுதும்போது, குறுகியது என்பதையே குறையாக்கிவிட வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்லுங்கள். ஒரு காதல் தொடங்கி முடிவதைச் சொல்லும் ஃபிளோரன்ஸ் (2018) ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2019இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் கைப்பேசி விளையாட்டு விருது அதற்குத்தான் கிடைத்தது.

பதில்: கொழிஞ்சாம்பாறை வாசகன்

அடுத்த இதழுக்கு அதே பந்தய விளையாட்டை மறுபடியும் எடுத்து, இப்படி எழுதி ஒட்டியிருக்கிறோம்:

"பையன் 9 (புதிய கைப்பேசி, ஆறு மணி நேரம்). மாணவி 4 (மூன்று ஆண்டுப் பழையது, பேருந்தில் மட்டும், நான்கு மணி நேரம்). வாசகன் 5 (நான்கு ஆண்டுப் பழையது, இரண்டு மணி நேரம், சென்ற மாதம் 6). சராசரி இல்லை. விமானப் பயன்முறையில் திறக்கவில்லை. ஏறத்தாழ மூன்று பந்தயங்களுக்கு ஒரு விளம்பரம். எட்டாவது காரை வாங்கக் காசு கேட்டது. பந்தயத்தை நடுவில் நிறுத்த முடியாது. வயது எண் 3+ என்பது தரத்தைக் குறிப்பதல்ல."

என் 6 ஒன்று குறைந்ததற்குக் காரணம், மதிப்பீடு கேட்கும் பெட்டி வரும் நேரத்தை இம்முறை குறித்து வைத்ததுதான். நான் வென்ற ஒரே பந்தயத்துக்கு அடுத்த நொடியில் அது வந்தது. பையன் மட்டும் தன் 9ஐ விட்டுக்கொடுக்கவில்லை. விளம்பரம் ஓடும் நேரத்தில் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன், அதனால் எனக்கு அது இடைஞ்சல் இல்லை என்று எழுதித் தந்திருக்கிறான். அந்த வரியையும் அப்படியே ஒட்டியிருக்கிறோம்.